ரிவர்ஸ் இருக்கிற விளையாட்டு

புதிதாக ஒரு கேமைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் முதலில் என்ன செய்வார்களோ தெரியாது. கலைமகள் பின்னால் போய்ப் பார்ப்பாள். கார் ஓட்டுகிற கேமாக இருந்தாலும் சரி, கத்தியோடு ஒரு வீரன் ஓடுகிற கேமாக இருந்தாலும் சரி. முன்னால் புதையல் மின்னிக்கொண்டிருக்கட்டும், ராட்சசன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கட்டும், அவளுக்கு அதெல்லாம் அப்புறம். "முன்னாடி போறதுக்கு யாருக்கு வேணா தெரியும் மாமா. பின்னாடி வரத் தெரியுதான்னு பாக்கணும்" என்பாள். பின்னால் போக வழியில்லாத கேமுக்கு அவளிடம் மரியாதை கிடையாது. அதை ஊரே மெச்சினாலும் அவள் மெச்சமாட்டாள்.

இந்தக் கருத்துகளைக் கேட்பதற்கென்று அவளுக்கு ஒரே ஓர் ஆள் உண்டு, அவள் புருஷன் செம்மல். அவள் ஆடுவாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி இருக்கு?" என்பான். அவள் சொல்லத் தொடங்குவாள். உப்பளம் என்கிற பேட்டையில், பழைய துறைமுகம் போகிற வழியில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அதன் நிழலில் நிற்கிற குட்டியானை, அதாவது அந்தச் சின்ன லோடு வண்டி, இவர்களுடையது. காலையில் பெரிய மார்க்கெட்டில் காய்கறி மூட்டைகளை இறக்கிவிட்டு, அடுத்த லோடுக்கு ஃபோன் வரும்வரை அந்த மரத்தடியில்தான் இருப்பார்கள். லோடு வருகிறதோ இல்லையோ, கேம் நடக்கும்.

செம்மலுக்குக் கண் போய்விட்டது. அதனால்தான் அவன் ஆடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். முழுக்கப் போகவில்லை, நடுப்பார்வை போய் ஓரப்பார்வை மிச்சம் இருக்கிறது. எதை நேராகப் பார்க்கிறானோ அது தெரியாது. எதிரில் நிற்கிறவரின் முகம் அவனுக்கு ஒரு சாம்பல் திட்டு, ஆனால் அவர் செருப்பு போட்டிருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவான். ஃபோன் திரையை முகத்துக்கு நேரே பிடித்தால் ஒன்றும் இல்லை. எல்லாம் சர்க்கரை செய்த வேலை. பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள், கடைசியில் ஒரு டாக்டரம்மா, "இருக்கிற பார்வை இப்படியே இருக்கும், சர்க்கரைய மட்டும் பாத்துக்குங்க" என்று சொன்னார். அதைப் பெரிய சந்தோஷமாக எடுத்துக்கொண்டு கலைமகள் ஆஸ்பத்திரி வாசலிலேயே அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். சர்க்கரை போடாத டீ.

அதற்கு முன்னால் செம்மல் லாரி ஓட்டினான். அதற்கும் முன்னால், அவன் அப்பா மில்லில் வேலை பார்த்த காலத்தில், அவன் தெருவிலேயே கேம் ஆடுவதில் மன்னன். எதிர்வீட்டில் ஒரு சொல்தா குடும்பம் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களை அந்தத் தெருவில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். அந்த வீட்டுப் பையன் பாரீசிலிருந்து டிவியில் மாட்டுகிற கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். தோற்றுப்போனால் திரையில் பிரெஞ்சில் ஏதோ எழுத்து விழும். அந்தப் பையன் அதைப் 'பெர்து' என்று வாசித்துக் காட்டினான். அன்றிலிருந்து அந்தத் தெருவில் யாருக்கு எது போனாலும் பெர்துதான். பரீட்சை பெர்து, பட்டம் பெர்து, மில்லை மூடியபோது மில்லும் பெர்து. செம்மல் கலியாணத்துக்குப் பிறகு இந்த வார்த்தையைக் கலைமகளுக்கும் ஒட்டவைத்துவிட்டான். சாம்பார் தீய்ந்தால்கூட அவள், "பெர்து மாமா, தயிர் ஊத்திக்கோ" என்பாள்.

கண் போனதும் செம்மல் லாரியைவிட்டு இறங்கினான். கலைமகள் குட்டியானையில் ஏறினாள். அவன்தான் சொல்லிக் கொடுத்தான். முன்னால் ஓட்டுவது அவளுக்குச் சட்டென்று வந்துவிட்டது. பின்னால் எடுப்பதற்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள், மார்க்கெட்டுக்கு வருகிற எல்லா லோடு வண்டிக்காரர்களும் செய்கிற ஏற்பாடுதான் அது. கூட வருகிற ஆள் இறங்கி, வண்டியின் பின்பக்கம் நின்று, தகரத்தில் கையால் தட்டுவான். மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தால் வா, வா என்று அர்த்தம். தட்டு வேகமானால் கிட்டே வந்தாயிற்று. ஓங்கி ரெண்டு போட்டால் நில். ஓட்டுகிறவர் கண்ணாடியைப் பார்க்க வேண்டியதில்லை, காதைத் தீட்டி வைத்துக்கொண்டால் போதும்.

செம்மலுக்கு அந்தத் தட்டுதான் உயிர். ஓரப்பார்வைக்குச் சுவரின் நிழல் தெரியும், காலுக்கு மேடு பள்ளம் தெரியும், காதுக்கு மற்றதெல்லாம் தெரியும். மார்க்கெட் சந்தில், வெங்காய மூட்டைக்கும் கருவாட்டுக் கூடைக்கும் நடுவில், அவன் தட்டத் தட்ட அவள் வண்டியைச் செருகி நிறுத்துகிற அழகை அங்கிருக்கிற கடைக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். வண்டி நின்றதும் செம்மல் தகரத்தை ஒரு தடவை தடவிக் கொடுப்பான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தால் லாரியைவிட்டு இறங்கிய ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கேம்களை ஃபோனில் ஏற்றிக் கொடுப்பவள் ஹாஜிரா. உப்பளத்திலேயே மொபைல் கடை வைத்திருக்கிறாள். தலைமுறை தலைமுறையாக ஜவுளி விற்ற குடும்பம். இவள் மட்டும் ஃபோன் பக்கம் வந்துவிட்டாள். பழசு, புதுசு எதைக் கேட்டாலும் தேடிக் கொடுப்பாள். ஆடிப் பார்த்துவிட்டுக் கலைமகள் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதுதான் அவள் கேட்கிற ஒரே பிரதிபலன். வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்ல உதவும் என்பாள்.

கலைமகளும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்வாள். வயல் வைக்கிற கேமை அவளுக்குப் பிடிக்கவில்லை. "வெதச்ச ஒடனே வெளையுது. மழ இல்ல, பூச்சி இல்ல, வெல கேட்டுச் சண்ட போட ஆள் இல்ல. இது வயலா, வாடகைக்கு எடுத்த பந்தலா?" சமையல் கேமில் அடுப்பு எரிகிறது, ஆனால் பாத்திரம் கழுவுகிற வேலையே இல்லை. அதை எழுதினவன் கட்டாயம் ஆம்பளை என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். பிணங்கள் எழுந்து துரத்துகிற கேமை மட்டும் எதிர்பாராமல் ரசித்தாள். அதில் வருகிற வீரனுக்குப் பின்னால் நடக்கத் தெரிந்திருந்தது. சுட்டுக்கொண்டே பின்னால் நடந்து சந்துக்குள் நுழைந்து தப்பித்துக்கொண்டான். "இவன் பொழைச்சிப்பான்" என்றாள்.

பழைய கேம்களில் செம்மலுக்கு ஆசை அதிகம். சின்ன வயதில் ஆடிய கார் ரேஸ் கேமை ஹாஜிரா எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொடுத்தபோது அவன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டான். பாட்டுபோல வருகிற அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டதும் அவனுக்கு வாயெல்லாம் பல். "ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தென்ன மரம் வருதா? செவப்புக் காரு முந்தப் பாக்குதா?" என்று அவனே சொல்லிக்கொண்டு போனான். கலைமகள் ஆடிப் பார்த்தாள். கார் முன்னால் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பிரேக் பிடித்தால்கூட மெதுவாகப் போனதே தவிர நிற்கவில்லை. "மாமா, இதுல ரிவர்ஸே இல்ல" என்றாள்.

"ரேஸ்ல எதுக்குடி ரிவர்ஸு?"

"ரேஸ் முடிஞ்சதும் வீட்டுக்குப் போய் வண்டிய நிறுத்த வேணாமா?"

முப்பது வருஷம் செம்மல் மனசில் ராஜாவாக இருந்த கேம் அன்றைக்கு ஒரு படி இறங்கிவிட்டது. ஆனாலும் மறுநாள் ஹாஜிரா கடையில் யாரோ ஒருவரிடம், "அந்த கேம்ல ஒரு கொற இருக்கு சார், ரிவர்ஸ் வெக்காம வுட்டுட்டான்" என்று தன் சொந்தக் கருத்தைப்போலச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சொல்வதையெல்லாம் அங்கே போய் இப்படித்தான் தன் கணக்கில் விற்றுவிடுவான். கலைமகளுக்கு அது தெரியும். கண்டுகொள்ளமாட்டாள்.

பங்குனி வெயில் ஆரம்பித்த சமயம் ஹாஜிரா ஒரு சேதி கொண்டுவந்தாள். அவள் மகள் அரீபா படிக்கிற பள்ளிக்கூடம் காலாப்பட்டுப் பக்கம் இருக்கிறது. பெண்பிள்ளைகள் வருகிற பஸ்ஸுக்குப் பெண் டிரைவர் வேண்டும் என்று அங்கே தேடுகிறார்களாம். "உங்க பேர சொல்லிட்டேன்க்கா. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ஹெவி லைசென்ஸ் மட்டும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. எடுக்கலன்னா வேற ஆள் பாத்துப்பாங்க."

கலைமகள் அன்று எந்த கேமும் ஆடவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். குட்டியானைக்கு லோடு வருவது குறைந்துகொண்டே வந்தது, கம்பெனிக்காரர்கள் சொந்த வண்டி போட்டுவிட்டார்கள். அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய பஸ்கள் போகும்போது அவள் அந்த உயரத்து சீட்டை அண்ணாந்து பார்ப்பாள். அங்கே உட்கார வேண்டும் என்கிற ஆசை ரொம்ப நாளாக இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

"போயேன்" என்றான் செம்மல்.

"நீ?"

"நான் எங்க போவப்போறேன், இங்கதான இருப்பேன். நீ போ."

சொன்னது மனசாரத்தான். சொல்லிவிட்டு இறங்கிப்போய் வண்டியின் பின்பக்கத் தகரத்தில் சாய்ந்து நின்றுகொண்டான். பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் ஆயா இருப்பாள். தட்டுவதற்கென்று ஒரு புருஷனை யாரும் வைத்துக்கொள்ளமாட்டார்கள். அது ரெண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

டிரைவிங் ஸ்கூல் தெய்வசிகாமணி பழைய பஸ் ஒன்றில் அவளுக்குப் பாடம் சொன்னார். அவள் முன்னால் ஓட்டுவதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் அவர் பையன்களில் யாரையாவது பின்னால் நிற்கவைத்துத் தட்டச் சொன்னார், அவருக்கும் அதுதான் பழக்கம். டெஸ்டில் தட்ட ஆள் இருக்காது என்பதை அவர் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. அங்கேதான் கோட்டை விட்டார்கள்.

டெஸ்ட் அன்று மைதானத்தில் ரெண்டு வரிசைக் கம்பு நட்டிருந்தது. பின்னாலேயே வந்து, நடுவில் நிற்காமல், கம்பு எதையும் தொடாமல் கடைசிக் கோட்டில் நிறுத்த வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இடுப்புயரத் தகர வேலிக்குப் பின்னால். செம்மல் அங்கே நின்றான். வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரிக்கு ஊர் வைத்த பேர் பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் குடை பிடித்துக்கொண்டு கையைக் காட்டினார்.

கலைமகள் ரிவர்ஸ் போட்டாள். பஸ் நல்லபடியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பாதி தாண்டிவிட்டது. பின் டயர் ஜல்லியில் ஏறிக் கறுக் என்று ஒரு சத்தம் வந்தது. வேலிக்குப் பின்னால் செம்மலின் காது அதைப் பிடித்தது. கம்பில் இடிக்கப்போகிறாள் என்று நினைத்தானோ, நினைப்பதற்குள்ளேயே கை போய்விட்டதோ, தகரத்தில் ஓங்கி ரெண்டு தட்டு விழுந்தது. படீர், படீர்.

கலைமகளின் கால் பிரேக்கை அமுக்கிவிட்டது. பஸ் நின்றது. கம்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்துத் தூங்குகிற அளவுக்கு இடம் இருந்தது.

"ஏம்மா நிறுத்துனீங்க?" என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். செம்மல் தன் உள்ளங்கையைத் தலையைச் சாய்த்து ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "பழக்கம் சார்" என்றாள்.

"பழக்கத்த மாத்திட்டு வாங்க. இன்னொரு தேதி தரேன்."

வீட்டுக்கு வரும் வழியில் யாராவது பெர்து என்று சொல்லியிருந்தால் ஒருவேளை சிரித்திருப்பார்கள். அந்த வார்த்தைகூட வாயில் வரவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் செம்மல் சொன்னான்: "கை தானா போயிடுச்சி கலை. நான் இனிமே வண்டிக்கு வரல."

கோபத்தில் அவளும் சரி என்றுவிட்டாள். மறுநாள் தனியாக மார்க்கெட்டுக்குப் போனாள். சந்தில் வழக்கம்போல ரிவர்ஸ் போட்டாள், காதைத் தீட்டினாள், காத்திருந்தாள். தட்டு வரவில்லை. பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடியில் என்னென்னவோ தெரிந்தது, ஆனால் எது எவ்வளவு தூரம் என்று கணக்கு வரவில்லை. தைரியமாகக் கொஞ்சம் எடுத்தாள். தக்காளிப் பெட்டி அடுக்கு ஒன்று சரிந்து சந்து முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சக்கரபாணி என்கிற அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷன், திட்டவில்லை. "எங்கம்மா உன் ஊட்டுக்காரரு?" என்று மட்டும் கேட்டார்.

தக்காளி பொறுக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமாகத் தான் ஒரு நாள்கூடத் தனியாக ரிவர்ஸ் எடுத்ததில்லை. ஊரில் இருக்கிற கேமையெல்லாம் ரிவர்ஸ் இருக்கா, ரிவர்ஸ் இருக்கா என்று குடைந்தவளுக்குத் தன் ரிவர்ஸ் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் போயிருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, வீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிற மனுஷனை நினைத்து அழுகை வந்தது. நசுங்கின தக்காளிகளை ஒரு பையில் போட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"தப்பு உன் மேல இல்ல மாமா" என்று அதை அவன் முன்னால் வைத்தாள். "நீ தட்டலன்னாலும் கடைசிக் கோட்டுக்கு வர்றதுக்குள்ள நான் இடிச்சிருப்பேன். இதோ பாரு, ஊரு முழுக்க ரசம் வெக்கலாம்."

செம்மல் பையைத் தடவிப் பார்த்தான். ஒரு தக்காளியை அமுக்கியதும் விரலெல்லாம் சாறு. "பெர்து" என்றான். அப்புறம் ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

ஹாஜிரா இந்தத் தடவை கொடுத்தது பஸ் ஓட்டுகிற கேம். வெளிநாட்டுக்காரன் எழுதியதுதான். ஆனால் நம்மூர்ப் பையன்கள் உட்கார்ந்து அதில் நம்ம பஸ்களின் பெயின்ட், கண்ணாடியில் ஒட்டின சாமி படம், ஆரன் சத்தம் எல்லாம் ஏற்றி வைத்திருந்தார்கள். ஆரனைக் கேட்டதும் செம்மல் நிமிர்ந்து, "இது கடலூர் வண்டி" என்றான். அதில் தனியாக ஒரு பகுதி இருந்தது. பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்துக் கம்புகளுக்கு நடுவில் நிறுத்துவது மட்டுமே வேலை. ஒரு கம்பைத் தொட்டாலும் முதலிலிருந்து.

"சத்தத்த அமுத்திடு" என்றான் செம்மல்.

"ஏன், உனக்கு ஒண்ணும் தெரியாதே?"

"எனக்குத் தெரிய வேணாம். உனக்குக் காதுல எதுவும் வுழக்கூடாது. கண்ணாடிய பாரு."

அப்படியே நடந்தது. மரத்தடியில் தினமும் அவள் சத்தமில்லாத பஸ்ஸைப் பின்னால் எடுத்தாள், அவன் பக்கத்தில் கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தான். கை அடங்கியது, கால் தாளம் போட ஆரம்பித்தது. "காலு" என்பாள். கால் நிற்கும். கொஞ்ச நேரத்தில் நாக்கு டொக் டொக் என்னும். "நாக்கு" என்பாள். ஆடி முடிக்கும்வரை எப்படி இருக்கு என்று கேட்கக்கூடாது என்பது ஒப்பந்தம். அவளுக்கு பஸ்ஸை அடக்குவது எவ்வளவு கஷ்டமாக இருந்ததோ அவ்வளவு கஷ்டமாக இருந்தது அவனுக்குத் தன்னை அடக்குவது.

நிறையத் தடவை கம்பு விழுந்தது. பிறகு ஒருநாள் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கண்ணாடியில் தெரிகிற எல்லாவற்றையும் பார்த்தால் தலை சுற்றும். பின்னால் அசையாத பொருளாக ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே வந்தால் பஸ் தானாக நேரே வரும். அந்த கேமில் ஒரு பச்சைக் குப்பைத்தொட்டி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எந்தக் கம்பும் ஆடவில்லை.

"முடிஞ்சிதா?" என்றான் செம்மல். "எப்படி இருக்கு?"

"நல்ல கேமு மாமா. அவசரப்படுத்த மாட்டேங்குது. தப்பு பண்ணா திட்டல, மொதல்லேர்ந்து வான்னு சொல்லுது. குப்பத்தொட்டி ஒண்ணு வெச்சிருக்கான் பாரு, அவனுக்குக் கோடி புண்ணியம்."

மார்க்கெட் சந்திலும் குட்டியானையை அதேபோல எடுக்க ஆரம்பித்தாள். செம்மல் மறுபடி கூட வந்தான், ஆனால் இறங்கித் தட்டவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். சக்கரபாணி முதல் ரெண்டு நாள் தக்காளிப் பெட்டிகளை உள்ளே இழுத்து வைத்தார். அப்புறம் வெளியிலேயே விட்டுவிட்டார்.

ரெண்டாவது டெஸ்டுக்குச் செம்மல் வரமாட்டேன் என்றான். பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம், இன்னொரு தடவை கெடுத்துவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவனுக்குப் பயம். கலைமகள் விடவில்லை. அவள் தம்பி கலியாணத்துக்கு எடுத்த மஞ்சள் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கண்ணைப் பறிக்கிற மஞ்சள். கலியாணத்தன்றே அவனைக் கேலி செய்யாதவர்கள் பாக்கி இல்லை.

"இதப் போட்டுக்கிட்டா டெஸ்டுக்கு வரச் சொல்ற?"

"போட்டுக்கோ. கைய கக்கத்துல வெச்சிக்கோ. நிறுத்தின எடத்துல அசையாம நில்லு. அது போதும்."

ஏன் என்று கேட்டான். சொல்லவில்லை. மைதானத்தில் தானே அவனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் வேலியின் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்து, திரும்ப வந்து தோளைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள். ஹாஜிரா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். "என்னண்ணே, மாப்பிள்ள மாதிரி இருக்கீங்க" என்றாள். செம்மலுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அதே பிரேக் இன்ஸ்பெக்டர், அதே குடை.

பஸ் கிளம்பிய சத்தம் கேட்டது. ரிவர்ஸ் கியர் விழுந்த சத்தம் கேட்டது. செம்மல் கைகளைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டான். டயர் ஜல்லியில் ஏறிக் கறுக் என்றது, போன தடவை கேட்ட அதே சத்தம். அவன் தோள் துள்ளியது. கை வெளியே வரப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு நேர் எதிரே வந்துகொண்டிருந்த அவ்வளவு பெரிய பஸ் அவன் கண்ணுக்கு ஒரு சாம்பல் திட்டு, அவ்வளவுதான். இஞ்சின் சத்தம் கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது, எங்கேயும் நிற்கவில்லை. சூடான டீசல் காற்று முகத்தில் அடித்தது. பிறகுதான் நின்றது. கம்பு எதுவும் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை.

"ம்" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர். "சரி, எறங்குங்க. பாஸ்."

ஹாஜிரா செம்மலின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "நாளைலேர்ந்து கடையில வந்து உக்காருங்கண்ணே. கேம் கேக்க வர்றவங்களுக்கு நீங்கதான் சொல்லணும். அக்கா சொன்னத நீங்க சொன்ன மாதிரி சொல்றீங்களே, அத ஒழுங்கா ஸ்டூல் போட்டு உக்காந்து சொல்லுங்க." அவன் தலையாட்டினான், ஆனால் காது முழுக்க பஸ் கதவின் பக்கம் இருந்தது.

கலைமகள் இறங்கி வந்தாள். அவள் செருப்பு அவனுக்கு ஓரத்தில் தெரிந்தது.

"எப்படி இருந்துது?" என்றான்.

எந்த கேமையும் ஆடி முடித்ததும் சொல்கிற மாதிரி அவள் யோசித்துச் சொன்னாள். "சத்தமே இல்லாத கேமு மாமா. கண்ணாடி நெறைய என்னென்னமோ இருக்கு, ஒண்ணையும் பாக்கல. ஒரே ஒரு மஞ்ச சட்ட. அது கொஞ்சங்கூட அசையல. அதையே பாத்துக்கினு வந்தேன்."

செம்மல் தலையைச் சாய்த்து, கலியாணத்தில் ஊரே சிரித்த அந்தச் சட்டையை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"பள்ளிக்கூடத்துல யாரப் பாப்ப?"

"அங்க ஒரு வேப்ப மரம் இருக்கு. போன வாரமே போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்."

"அடிப்பாவி" என்றான். அவனுக்குக் கண் கலங்கியும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அப்புறம், இத்தனை வருஷமாக அவள் எல்லா கேமுக்கும் கேட்ட கேள்வியை அவன் கேட்டான். "ரிவர்ஸ் இருக்கா?"

"இருக்கு மாமா" என்றாள் கலைமகள்.

கைகள் இன்னும் கக்கத்திலேயே இருப்பதை அப்போதுதான் கவனித்தான். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். அவள் அவன் வலது கையைப் பிடித்து அந்தப் பெரிய பஸ்ஸின் பக்கத் தகரத்தில் வைத்தாள். தகரம் வெயிலில் சுட்டது. அவன் தட்டவில்லை, மார்க்கெட்டில் வண்டி நின்றதும் செய்வதுபோல ஒரு தடவை தடவிக் கொடுத்தான்.